ஞாயிற்றுக்கிழமையில் ரயில் எதற்கு?

லண்டனின் புறநகரான சர்பிட்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்து, இரண்டே நிறுத்தங்கள் தள்ளியிருக்கும் ஹாம்டன் கோர்ட் அரண்மனைக்கு நாம் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தண்டவாளத்திற்கு ஏன்தான் பராமரிப்பு தேவைப்படுகிறதோ! 1930களில் கட்டிய வெள்ளை வெளேரென்ற ரயில் நிலையம் அழகாகத்தான் நிற்கிறது, ரயில்தான் இல்லை. மாற்றுப் பேருந்து உண்டென்று தாள் ஒட்டியவர்கள், அது எங்கே நிற்கும், எப்போது வரும் என்பதை அந்த ஓட்டுநருக்காவது சொன்னார்களா? தூறலில் நடுங்கியபடி நிற்கும்போது, தேம்ஸ் நதியில் படகேறியே அந்த அரண்மனைக்குப் போய்விட்ட இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மீது (ஆறு மனைவிகளுக்காக அல்ல) பொறாமை வருகிறது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், 1768இல் நட்ட பெருந்திராட்சைக் கொடியைக்கூட நின்று பார்க்க நேரமிருப்பதில்லை. அங்குள்ள புகழ்பெற்ற புதிர்ப்பாதையில் வழி தெரியாமல் சுற்றலாம் என்கிறார்கள். காலையிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறோமாம்?