ஃபுல்பிரைட் உதவித்தொகைக்குக் கட்டணம் கிடையாது

‘பிஎச்டி மாணவர்கள் எல்லோருக்கும் அமெரிக்காவில் இரண்டு வருடம் இலவசம், அப்புறம் அங்கேயே வேலை, பதிவுக் கட்டணம் ரூ.4,500’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மேலே ‘ஃபுல்பிரைட்-நேரு’ என்று பெரிய எழுத்து, கீழே பணம் அனுப்ப ஒரு செல்போன் எண்.

உதவித்தொகை உண்மை. மற்றதெல்லாம் கட்டுக்கதை. 1950-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தத்தில் தொடங்கிய திட்டம் இது. 2008 முதல் நேரு பெயரும் சேர்ந்தது. இந்தியக் கல்வி நிறுவனத்தில் பிஎச்டிக்குப் பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அங்கே ஆய்வு செய்யலாம். பட்டம் இங்கேதான். விமான டிக்கெட், மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆனால் போட்டியில் தேர்வாக வேண்டும். விண்ணப்பிக்க ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

‘அங்கேயே வேலை’ என்பதுதான் பெரிய புளுகு. இந்த உதவித்தொகையில் ஜே-1 என்ற கல்விப் பரிமாற்ற விசாவில் போகிறவர்கள், இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே அங்கே ஹெச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும்.

திட்டத்தை நடத்தும் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையின் இணையதளத்தில் விவரம் இருக்கிறது. சென்னையிலும் அலுவலகம் உண்டு. அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். குழுவில் வந்தால் இதைப் பதிலாகப் போடுங்கள்.