செம்பரம்பாக்கம்: நீர்மட்டத்தோடு கரையின் நிலையையும் சொல்லுங்கள்

மழை வலுத்தால் சென்னையில் எல்லோரும் கேட்பது, குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்பதைத்தான். முழுக் கொள்ளளவு 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. 22 அடியிலேயே திறந்து குடிநீரைக் கடலுக்கு விடுகிறார்களே என்ற கோபமும் கூடவே வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை.

மேல் இரண்டடியில் கொள்வது ஏறத்தாழ 600 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ல் அடையாற்றில் திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கன அடி. அதே வேகத்தில் வெள்ளம் வந்து, ஷட்டர்கள் மூடியே இருந்தால், ஆறு மணி நேரத்துக்குள் அந்த இரண்டடியும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஏறினால்? இது மண்கரை. தலைமேல் நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரித்து, கரை அறுந்துவிடும். 2020-ல் நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கன அடி திறந்து, பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். அதுதான் சரி. கீழே இருப்பவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஏரியும் மெல்ல இறங்கும். சடாரென்று இறக்கினால் ஊறிய உள்சரிவு சரியும்.

என் கவலை வேறு. மண்கரைகள் உள்ளே அரித்தும் உடைகின்றன, அதுவும் கரை நிரம்பாமலே. கல்லால் கட்டிய மதகும் மண்ணும் சேரும் இடம், எலி வளை, வெட்டிய கருவேலத்தின் மக்கிய வேர்: நீர் வழி தேடுவது இங்கெல்லாம்தான். ஆகவே ஏரி நிறைந்திருக்கும்போது கரைமேல் ஜீப்பில் போனால் போதாது. வெளிப்பக்க அடிவாரத்தில் இரவும் பகலும் நடக்க வேண்டும். கசிவு தெளிவாக, ஒரே அளவில் வந்தால் அளந்து குறித்துக்கொள்ளலாம். கலங்கினால் கரையின் மண் வெளியேறுகிறது என்று பொருள்.

அப்போது பலர் செய்வது, களிமண்ணைத் திணித்து வாயை அடைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அடைத்தால் நீர் வேறு இடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல்மூட்டை வளையம் கட்டி, உள்ளே பருமணல், அதன்மேல் சிறுஜல்லி, அதற்கும் மேல் பெருஜல்லி போட வேண்டும். மண் நிற்கும், நீர் தெளிந்து வெளியேறும்.

நீர்வளத் துறையினரே, தினமும் நீர்மட்டம் வெளியிடுகிறீர்கள். கசிவு எங்கே, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், தெளிவா கலங்கலா என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். பருவமழைக்கு முன் ஒவ்வொரு ஷட்டரையும் முழுதாக ஏற்றி இறக்கிப் பார்த்த தேதியும் வேண்டும். மின்சாரம் இல்லாமல் கையால் சுழற்றிப் பார்த்ததும் அதில் இருக்க வேண்டும்.