கதை சொன்னேன், உண்மைதான்

சனிக்கிழமை நம் சபையின் ஆண்கள் கூடுகையில் நடந்ததை இங்கே பாதிப்பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப்பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. இயேசு சொன்ன உவமை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். "பிரதர், கதாகாலட்சேபம் போதும், வேதபாடத்துக்கு வாங்க" என்றார் மூப்பர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

ஐயா, நான் சொல்லிக்கொண்டிருந்தது லூக்கா 15, கெட்ட குமாரன் உவமை. வயலிலிருந்து வருகிற மூத்த மகன், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்காக அப்பா வைத்த விருந்தின் ஆடல்பாடல் சத்தம் கேட்டு, கோபத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிற இடம். இது வேதபாடம் இல்லையென்றால் எதுதான் வேதபாடம் என்று யாராவது சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

"உவமைகளினாலேயன்றி, அவர்களோடே ஒன்றும் பேசவில்லை." மத்தேயு 13:34. இதை நான் எழுதவில்லை. ஆண்டவருக்கு ஏழு படிகள், ஐந்து தூண்கள் என்று குறிப்பு எடுத்துக்கொண்டு வரத் தெரியாமலா விதைக்கிறவனையும் வலையையும் கடுகுவிதையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்? கேட்டவர்களில் மீன்பிடிக்கிறவர்களும் வரி வசூலிக்கிறவர்களும் வேதபாரகர்களும் இருந்தார்கள். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் இல்லை அவை. கடன், கூலி, குத்தகை, சொத்து, வேலைக்காரனைக் கேட்கிற கணக்கு. ஆண்கள் ராத்திரி தூங்காமல் புரள்கிற விஷயங்கள்.

ஆண்களிடம் நேராகச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானும் ஆண்தான். "நீ கோபக்காரன், மாறு" என்று சொல்லிப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, மனசுக்குள் பதில் தயாரித்துக்கொண்டிருப்போம். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் போனபோது "ராஜாவே, விபச்சாரம், கொலை" என்று பட்டியல் வாசிக்கவில்லை. ஒரே ஒரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையைப் பற்றியும், அதைப் பிடுங்கிக்கொண்ட பணக்காரனைப் பற்றியும் சொன்னார். ராஜா கொதித்துப்போய்த் தீர்ப்பு சொன்னார், நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று. தீர்ப்பு வாயைவிட்டு வந்தபிறகுதான் "நீயே அந்த மனுஷன்." அதற்குமேல் தாவீதுக்குத் தப்பிக்க இடம் ஏது? தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: உவமை என்பது செய்திக்கு முன்னால் போடுகிற அலங்காரத் தோரணம் இல்லை. அதுதான் செய்தி.

போன மாதம் மத்தேயு 18 எடுத்தோம், நினைவிருக்கிறதா? ராஜா ஒரு வேலைக்காரனுக்கு மன்னித்துவிட்ட கடன், பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று மட்டும்தான் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். 6 கோடி நாள் கூலி. ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல். அந்த வேலைக்காரன் வெளியே போய் உடன்வேலைக்காரனின் கழுத்தை நெரித்தது வெறும் 100 நாள் கூலிக்காக. "அது சரி, இவ்வளவு கடன் கொடுத்த ராஜாவுக்கு என்ன புத்தி?" என்றார் இன்னொருவர். கூடமே சிரித்தது. அப்புறம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நான் எத்தனை பவர்பாயிண்ட் போட்டிருக்கவேண்டும்? அன்றைக்குச் சிரித்தவர்களில் நம் மூப்பரும் ஒருவர். அன்று அது கதாகாலட்சேபமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது பிரசங்கத்துக்கு மார்க் போடுவார். நீளம். சத்தம் பத்தாது. வசனத்தைத் தப்பாகச் சொன்னார். ஒருநாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அன்றைக்கு லூக்கா 12, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவான். அந்த உவமை எதற்குச் சொல்லப்பட்டது என்று பிரசங்கியார் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்: "சொத்தைப் பாகம் பிரித்துத் தரச் சொல்லும்" என்று அண்ணன்தம்பி சண்டையோடு வந்த ஒருவனுக்காக. அப்பாவும் பெரியப்பாவும் அப்போது பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. காரணம் அதேதான்.

மறுநாளே பெரியப்பா வீட்டுக்குப் போனார் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். போகவில்லை. இன்னும் மூன்று வருஷம் கழித்து, பெரியப்பா படுத்த படுக்கையானபோதுதான் போனார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் களஞ்சியக்காரன்" என்று மட்டும் சொன்னார், யாரிடம் என்றில்லாமல். மூன்று வருஷம் அது அவருக்குள்ளே கிடந்திருக்கிறது. மூன்று குறிப்புகள் கொண்ட செய்தி எதுவும் அப்பாவுக்குள் மூன்று நாள் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, இப்போது கமென்டில் வரப்போகிறவர்களுக்கு. "மறைப்பதற்காகத்தானே உவமைகளில் பேசினார், மத்தேயு 13:13 படித்ததில்லையா" என்று கேட்பீர்கள். படித்திருக்கிறேன். அது எனக்கு இன்னும் கடினமான பகுதிதான், மழுப்பமாட்டேன். தனித்திருக்கும்போது சீஷர்களுக்கு எல்லாவற்றையும் விவரித்துச் சொன்னார் என்று மாற்கு 4 சொல்வதும் உண்மை. ஆனால் யார் விளக்கம் கேட்டார்கள் என்று பாருங்கள். கதை உறுத்தியதால் பின்னாலேயே போய்க் கேட்டவர்கள். முதலில் உறுத்தவேண்டும் இல்லையா? நீங்களோ, யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு மணிநேரம் பதில் சொல்கிறீர்கள்.

"ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள்." சொல்வார்கள்தான். பழைய சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின், நல்ல சமாரியன் உவமையில் வரும் சத்திரக்காரரை அப்போஸ்தலன் பவுல் என்றே விளக்கினார், அவரையே சபை பொறுத்துக்கொண்டது. நம் ஆட்கள் சொல்வது அதைவிட மோசமாக இருக்காது. "அப்போ பெண்களுக்கு உவமை வேண்டாமா?" வேண்டும். நான் எங்கே வேண்டாம் என்றேன்? "உபதேசம் நீர்த்துப்போகும்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை.

உண்மையில் எனக்கு வலித்தது கதாகாலட்சேபம் என்ற சொல் இல்லை. இருபது வருஷமாக இதைவிட மோசமாகவும் கேட்டாயிற்று. அந்தச் சமயத்தில் யார் பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான். நாலு வருஷமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபத்துக்குக்கூட வாய் திறக்காத ஒருவர். "மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா?" என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். அவர்தான் மெதுவாகச் சொன்னார், "போயிருக்கமாட்டான். நானா இருந்தா போகமாட்டேன்." அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். "எங்க அப்பா..." என்று ஏதோ. அப்போதுதான் நம் மூப்பர் ஐயாவுக்கு நேரம் ஆகிவிட்டது. கடைசி நாற்காலிக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு மொபைலைப் பார்க்க ஆரம்பித்தார். நீங்கள் சிரித்தது என்னைப் பார்த்து என்று நினைக்கிறீர்கள். அவர் அப்படி நினைத்திருக்கமாட்டார்.

இதுவரை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லைன்னு அந்த மூத்த மகன் மாதிரி வாசல்ல நின்னு சத்தம் போடறது யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இருக்கட்டும். பதிவை அழிக்கப்போவதில்லை.

அடுத்த மாதத்துக்கு 'தலைமைத்துவத்தின் ஏழு படிகள்' என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நடத்துங்கள், வாழ்த்துகள். அந்தக் கடைசி நாற்காலிக்காரருக்கு ஞாயிறு முதல் மூன்றுதரம் போன் செய்துவிட்டேன், எடுக்கவில்லை. மூத்த மகன் உள்ளே வரவில்லை என்றதும் தகப்பன் வெளியே வந்து வருந்திக் கூப்பிட்டார் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறேன். மூப்பர் ஐயா கூட வருவதானால் வரட்டும், வண்டியில் இடம் இருக்கிறது.