பாத்த சாட்சி இல்லன்னா கேஸ் நிக்காதா?
தம்பி, நேர்ல பாத்த ஆள் இல்லன்னா கேஸ் தள்ளுபடிதான்னு மேல போட்டிருக்கீங்க, அது தப்பு. நம்ம மன்னார்குடி பக்கம் வயல்ல ராத்திரி மோட்டார் காணாம போச்சுன்னு வச்சுக்குங்க, யாரும் பாக்கல, ஆனா சேத்துல ஒருத்தன் கால்தடம், அவன் வைக்கப்போருக்குள்ள அதே நம்பர் மோட்டார், விடிஞ்சதும் அத விக்க பேரம் பேசிருக்கான், இதெல்லாம் சேந்தா அதுதான் சந்தர்ப்ப சாட்சியம், இத வச்சே தண்டனை குடுக்கலாம். ஆனா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு அறுந்துபோகாம கோர்த்து நிக்கணும். 1984ல, மனைவிய கொன்னதா சர்தாங்கிறவர் மேல போட்ட கொலை வழக்குல சுப்ரீம் கோர்ட் இதுக்கு அஞ்சு நிபந்தனை சொல்லிருக்கு, எனக்கு அதுல பெருசா படுறது, அவன் செஞ்சிருக்க மாட்டான்னு நம்ப நியாயமான வழியே மிச்சம் இருக்கக்கூடாது. சந்தேகம் எவ்வளவு பலமா இருந்தாலும் அது ஆதாரம் ஆகாது, அந்த வழக்குல கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தூக்குன்னு சொன்னவர சுப்ரீம் கோர்ட் விடுதலையே பண்ணிடுச்சு.