இனிப்புக் காணாது

(ஆடி மாதம் முதல் நாள், ஆடிப்பிறப்புக் காலை. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு குசினி. கூழ்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு, மனைவி அகப்பையோடு காத்து நிற்கிறார்.)

மனைவி: இஞ்சாருங்கோ, கூழ் ரெடி. குடித்துப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ.

கணவர்: (பலாவிலையைக் கோலி, ஊதி ஊதிக் குடித்து, தேங்காய்ச்சொட்டு ஒன்றை நறுக்கென்று கடித்து) ம்... நல்லாயிருக்கு.

மனைவி: என்னது?

கணவர்: நல்லாயிருக்கு என்றேன்.

மனைவி: கலியாணம் கட்டி 38 வருசம். ஒவ்வொரு ஆடிப்பிறப்புக்கும் ‘இனிப்புக் காணாது’ என்றுதானே சொல்லுவீங்கள். உடம்புக்கு ஏதும் செய்யுதோ?

கணவர்: இனிப்பு சரியாக இருந்தால் நான் என்ன செய்ய? எத்தனை குட்டான் பனங்கட்டி போட்டனீர்?

மனைவி: வழமையாக மூன்று. இந்த முறை ஐந்து. ஒருக்காலாவது உங்கட வாயை அடைப்பம் என்று பார்த்தேன்.

கணவர்: கெடுத்தீர் போம்! அது என்ர வசனமில்லையப்பா, எங்கட அப்புவின்ர வசனம். அவருக்குச் சீனி வருத்தம். ஆச்சி வேணுமென்றே குறைத்துப் போடுவா. அவர் ‘இனிப்புக் காணாது’ என்பார்.

மனைவி: உங்களுக்குத்தான் சீனி வருத்தம் இல்லையே?

கணவர்: வருத்தம் வந்தால்தான் வசனமோ? ஆடிப்பிறப்புக்கு விடுதலை என்று நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடி வைத்தார். இப்ப லீவு எங்கே? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே அதைப் பாடுதுகள்.

மனைவி: அதுக்காக ஒரே வசனத்தை எத்தனை தரம் கேட்கிறது?

கணவர்: இதை நீர் சொல்லுறீர்! காத்தவராயன் கூத்தென்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போறது ஆர்? காத்தான் கடைசியில் கழுமரம் ஏறுவான் என்று உமக்குத் தெரியாதோ?

மனைவி: தெரிந்தபடியால்தான் போறன். சின்னதில் பார்க்கும்போது அவன் மரத்தில் ஏறுவதுதான் எனக்குப் பெரிசு. பிள்ளை பெற்ற பிறகு போனால், தாய் முத்துமாரிதான் கண்ணில் பட்டா. அதே பாட்டு, அதே மரம். அழுகை மட்டும் இடம் மாறிப்போச்சு.

கணவர்: மேடையிலும் ஆள் மாறுதுதானே. விடியுமுன்னம் எத்தனை பேர் காத்தானாக வந்து போவினம்! அப்பு முதல் காத்தான், நான் அடுத்த காத்தான்.

மனைவி: அப்ப கழுமரம் ஆர்?

கணவர்: (இன்னும் கொஞ்சம் கூழ் குடிக்கிறார்.)

(போன் அடிக்கிறது. ரொறன்ரோவிலிருந்து மகன். அங்கே இன்னும் நேற்று இரவு.)

மனைவி: அப்பா சொல்லியாச்சோ என்று கேட்கிறான். பேரப்பிள்ளைகள் கிண்ணத்தோடு இருக்கினமாம். நீங்கள் சொன்னால்தான் குடிப்பினமாம்.

கணவர்: (தொண்டையைச் செருமி) இனிப்புக் காணாது!

மனைவி: அப்ப வாற வருசம் நீங்களே காய்ச்சுங்கோ!

(போனுக்குள் சிரிப்பும் கைதட்டலும்.)

கணவர்: பார்த்தீரோ, நீரும் உம்மட வசனத்தை விடவில்லை.

மனைவி: ஆர் சொன்னது வசனம் என்று? 38 வருசமாக உண்மையாகத்தான் சொல்லுறன்.