சனகெரிப் எழுதியதும் எழுதாததும்

"ஒரே இரவில் 1,85,000 அசீரிய வீரர்கள் இறந்ததை சனகெரிப் மன்னனே களிமண்ணில் எழுதி வைத்திருக்கிறான்" என்று டெய்லர் பட்டகத்தின் (அசீரிய மன்னன் சனகெரிப்பின் போர்கள் பொறிக்கப்பட்ட களிமண் தூண்) படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. படம் சரி, செய்தி தவறு. அந்த எண்ணிக்கை பைபிளின் 2 இராஜாக்கள் 19:35-இல் இருக்கிறது, பட்டகத்தில் இல்லை.

கி.மு. 701 படையெடுப்பில் யூதா நாட்டின் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், அதன் மன்னன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் தலைநகர் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அதில் பெருமையடிக்கிறான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் சொல்லவில்லை. கவனிக்க வேண்டிய மௌனம்தான். அதற்காக இல்லாத வாக்கியத்தை நாம் எழுதிச் சேர்க்க முடியாது.

பட்டகம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது; அதன் மொழிபெயர்ப்பை இணையத்திலேயே படித்துச் சரிபார்க்கலாம். யூதாவின் லாகீசு நகரை அசீரியர் முற்றுகையிட்டதைக் காட்டும் சிற்பங்களும் அங்கேதான்: மதிலிடிக்கும் பொறிமேல் தீப்பந்தங்கள் விழ, ஒரு வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றி அணைக்கிறான். செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.