பார்த்தவர் விமர்சகர், விளையாடினவன் வெட்டிப்பயல்

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கூட்டத்து வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசினவர் பெயரை நான் போடவில்லை, கமெண்டிலும் போடாதீர்கள். 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்கிற கம்ப்யூட்டர் கேமைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிவிட்டு, "விளையாட எங்கே நேரம், யூடியூபில் பார்த்தேன், கதையில் ஆழமில்லை" என்று சிரித்தார். அதற்குக் கைதட்டல் வேறு.

அண்ணே, விளையாடாமல் கேமை விமர்சிக்க முடியாது. பக்கத்து இலையைப் பார்த்தே உப்பில்லை என்கிற கதை இது.

2013-இல் லூகாஸ் போப் செய்த கேம். ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கிற வேலை நமக்கு. ஒருத்தன் வருகிறான், பேப்பரெல்லாம் சரி. பின்னால் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. உள்ளே விட்டால், தப்புப் பண்ணிவிட்டாய் என்று டர்ரென்று ஒரு துண்டுச் சீட்டு வந்து விழும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, அப்புறம் சம்பளத்தில் வெட்டு. அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, வீட்டாருக்குச் சாப்பாடு, குளிருக்குச் சூடு, மகனுக்கு மருந்து.

நான் இதை விளையாடும்போது அப்பா பின்னால் நின்றிருந்தார். "விட்டுரு தம்பி, பாவம்" என்றார். அவருக்கென்ன, பார்க்கிறவர்! அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு துண்டு வாங்கியிருந்தேன். அனுமதி இல்லை என்கிற சிவப்பு முத்திரையைக் குத்தினேன். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவருடைய அண்ணன் குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறியது. 1964-இல் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று பங்கு போட்டார்களே, அந்தக் கணக்கில் போனவர்கள். முத்திரை குத்தினவனுக்கும் வீடு, வாடகை இருந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிடிக்கவேயில்லை. யூடியூபில் குத்தினது யாரோ ஒருத்தன், அண்ணே. இங்கே குத்தினது நான்.

"அப்போ சினிமாவை விமர்சிக்க நடிக்கணுமா?" என்று ஒருத்தர் வருவார், தெரியும். சினிமா பார்ப்பதற்காக எடுப்பது, பார்த்தால் போதும். "கதை வேண்டாமா?" மொஸ்கோவில் 1984-இல் அலெக்சேய் பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸில் என்ன கதை இருந்தது? இன்றைக்கும் உலகமே விளையாடுகிறது. "பப்ஜியால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" - சரி, அதை வேறு பதிவில் பேசுவோம், இங்கே கொண்டு வராதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, எனக்கும் சங்கடம்தான். ஆனால் 2022-லிருந்து இந்தக் கேம் போனிலும் இருக்கிறது, அவர் கையில் இருக்கிற போன் என்னுடையதைவிட நல்ல போன்.

எனக்கு வலித்தது அதுகூட இல்லை. பிரஜாவுரிமை பற்றி ஏறாத மேடை இல்லை அவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மலையகச் சனத்தை நாடற்றவராக்கியதை அவர் பேசிக் கேட்டுத்தான் நான் படிக்கவே தொடங்கினேன். கவிதையில் வந்தால் அழுவார். கேமில் வந்தால் ஆழமில்லை. கேம்களைப் பற்றி நாங்கள் பத்துப் பேர் எழுதிக்கொண்டே இருக்கிறோம், "வேலை வெட்டி இல்லாத பயல்கள்" என்பதைத் தவிர ஒரு பதில் வந்ததில்லை, இவர் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் மாலை, பொன்னாடை.

அடுத்த கூட்டத்துக்கு லேப்டாப்பை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். எல்லோர் முன்னாலும் அந்தப் புருஷன் பெண்சாதி வருகிற வரைக்கும் அண்ணன் விளையாடட்டும். மைக்கை அப்புறம் கொடுங்கள்.